வாயில் புண்ணா? சாப்பிடும் மருந்தையும் கொஞ்சம் கவனியுங்கள்

வாய்ப்புண் என்று வந்துவிட்டால் நம் ஊரில் எல்லோரும் வைத்தியர்தான். "உடம்புச் சூடும்மா, எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்பார் ஒருவர். "வயித்துல புண் இருக்கு, அதான் வாயில தெரியுது" என்பார் இன்னொருவர். "மணத்தக்காளிக் கீரை வச்சுக் கொடு, ரெண்டு நாள்ல போயிடும்" என்பார் பாட்டி. மருந்துக் கடைக்குப் போனால் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை பத்து எடுத்துக் கொடுப்பார்கள். கீரை நல்ல உணவு. எண்ணெய்க் குளியலாலும் கெடுதல் இல்லை. பெரும்பாலான வாய்ப்புண்கள் சிறியவை. ஒரு வாரம், பத்து நாளில் தாமாகவே ஆறிவிடும். பெருமை மட்டும் கீரைக்கோ மாத்திரைக்கோ போய்ச் சேரும்.

ஆனால் இத்தனை பேரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு. "நீ இப்ப என்ன மருந்து சாப்பிடறே? பல்லுக்கு ஏதாவது வைத்தியம் பண்ணிக்கிட்டியா?" என்ற கேள்விதான் அது. அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பேச்சு.

இன்று மாத்திரை டப்பா இல்லாத வீடு அபூர்வம். தாத்தாவுக்கு ரத்தக் கொதிப்பு, பாட்டிக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு மூட்டு வலி, மருமகளுக்கு இரும்புச் சத்து மாத்திரை. 2021 முதல் நம் மாநிலத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மூலம் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. இது நல்ல காரியம். இந்த மருந்துகளால் எத்தனையோ உயிர்கள் பிழைக்கின்றன. ஆனால் மருந்து வீட்டுக்குள் வந்த பிறகு, அதைப் பற்றிய அறிவும் கூடவே வர வேண்டாமா?

வாய் ஏன் முதலில் காட்டுகிறது?

வாயின் உட்பக்கத் தோல் மிக மெல்லியது. வெளித்தோலைவிட வேகமாகத் தேய்ந்து, வேகமாகப் புதிதாக வளர்வது. ஆகவே உடம்பில் ஏதாவது மாற்றம் நேர்ந்தால் சீக்கிரம் பாதிக்கப்படுவதும் இதுதான்.

மருந்தும் பல் வைத்தியப் பொருளும் வாயை மூன்று வழிகளில் பாதிக்கலாம். முதலாவது, நேராகத் தொட்டுச் சுடுவது. இரண்டாவது, மருந்து ரத்தத்தில் கலந்து உடம்பில் செய்யும் வேலையின் பக்க விளைவு. மூன்றாவது ஒவ்வாமை, அதாவது நம் உடம்பே அந்தப் பொருளை எதிரியாக எண்ணிச் சண்டை போடுவது. மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அது உங்கள் குற்றமும் அல்ல, எழுதிக் கொடுத்த டாக்டரின் குற்றமும் அல்ல. கண்டுபிடித்துச் சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து.

தொட்ட இடத்தைச் சுடும் மருந்துகள்

இரவில் பல் வலிக்கிறது. ஆஸ்பத்திரி தூரம். வீட்டில் ஆஸ்பிரின் மாத்திரை இருக்கிறது. அதை விழுங்காமல், வலிக்கிற பல்லின் பக்கத்தில், ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே வைத்து அடக்கிக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். காலையில் பார்த்தால் அந்த இடம் வெள்ளையாக வெந்து, தோல் உரிந்து வருகிறது. ஆஸ்பிரின் ஓர் அமிலம். அது வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்துதான் வலியைக் குறைக்கும். ஈறில் வைத்தால் ஈறைச் சுடுமே தவிர, பல் வலியைத் தீர்க்காது.

கிராம்புத் தைலமும் இப்படித்தான். பஞ்சில் ஒரு சொட்டுத் தொட்டுப் பல்லின் குழியில் மட்டும் படும்படி வைத்தால் சற்று நேரம் மரத்துப் போகும். பஞ்சு நிறைய ஊற்றி ஈறு முழுவதும் தடவினால் ஈறு வெந்துவிடும். எருக்கம் பாலைப் பல்லில் வைக்கும் பழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. அது வாயைப் புண்ணாக்கும். கை வழியாகக் கண்ணில் பட்டால் கண்ணையும் கெடுக்கும். தயவு செய்து அதை விட்டுவிடுங்கள்.

கர்ப்பிணிகளும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் மாமியார்மார்களும் இதைக் கேளுங்கள். இரும்புச் சத்து மாத்திரையை மெல்லவோ சப்பவோ கூடாது. தண்ணீருடன் முழுதாக விழுங்க வேண்டும். வாயில் தங்கினால் அந்த இடம் புண்ணாகும். "மாத்திரை சாப்பிட்டா வாய் வெந்து போகுது சிஸ்டர்" என்று சொல்லி, மாத்திரையைக் கூரையில் செருகி வைக்கிற பெண்கள் உண்டு. மாத்திரையை நிறுத்தினால் ரத்தச் சோகை தீராது. ரத்தச் சோகையே வாய்ப்புண்ணுக்கும் நாக்கு எரிச்சலுக்கும் ஒரு காரணம்! ஆகவே மாத்திரையை விடாதீர்கள், விழுங்கும் முறையை மாற்றுங்கள். வயதானவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் மாத்திரையை விழுங்காமல் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்வது சகஜம். மாத்திரை கொடுத்த பிறகு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் அலென்ட்ரோனேட் மாத்திரை விஷயத்தில் இது மிக முக்கியம். அதை ஒரு முழு டம்ளர் தண்ணீருடன், நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது. இந்த வகை மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள், பல் பிடுங்குவதற்கு முன் பல் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் பிடுங்கினால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகும்.

இன்னொன்று. குழந்தைக்குப் பல் பிடுங்க மரத்துப் போகும் ஊசி போட்டால், உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். வலி தெரியாததால் குழந்தை உதட்டைக் கடித்து மென்றுவிடும். மறுநாள் உதடு வீங்கி, வெள்ளையாகப் புண்ணாகி நிற்கும். "ஊசி ஒத்துக்கலை" என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் அது கடித்த புண்தான், ஆறிவிடும். மரப்பு போகும் வரை சாப்பாடு கொடுக்காமல், குழந்தையைப் பார்த்துக்கொண்டால் போதும்.

உள்ளே போய் வாயில் காட்டும் மருந்துகள்

ஒரே இடத்துப் புண்: சிலருக்கு உதட்டிலோ, நாக்கிலோ, பிறப்புறுப்பிலோ ஒரே இடத்தில் சிவந்து கொப்பளித்துப் புண்ணாகும். ஆறிய பின் உதட்டிலோ தோலிலோ கறுப்புத் தழும்பு நிற்கும். சில மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் வரும். நன்றாக யோசித்துப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் அதற்கு முன் ஒரே மருந்தைச் சாப்பிட்டிருப்பார்கள். வயிற்றுப் போக்குக்கோ சளிக்கோ வாங்கிய கோ-ட்ரைமாக்ஸசோல், மெட்ரோனிடசோல், டெட்ராசைக்ளின், அல்லது உடம்பு வலிக்கு வாங்கிய மாத்திரை. டாக்டரிடம் போகாமல் கடையில் "ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று வாங்குபவர்களுக்கு, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிவதே இல்லை. காகிதத்தில் பிரித்து மடித்துக் கொடுத்த மாத்திரைக்குப் பெயர் ஏது?

ஈறு வளர்ச்சி: வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் பெனிடாயின் 1938-இல் பயன்பாட்டுக்கு வந்தது. மறு ஆண்டே, அதைச் சாப்பிடுபவர்கள் சிலருக்கு ஈறு தடித்துப் பல்லை மூடுவதைக் கவனித்து எழுதிவிட்டார்கள். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் நிபெடிபின், அம்லோடிபின் மாத்திரைகளாலும், சிறுநீரகம் மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தாலும் இது வரலாம். எல்லோருக்கும் வருவதில்லை. பல்லில் அழுக்கும் காரையும் சேர்ந்திருந்தால் அதிகமாக வரும். பல்லைச் சுத்தமாக வைத்து, பல் டாக்டரிடம் காரையை எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் கட்டுப்படும். தேவையானால் டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றுவார். "கல்யாணத்துக்கு இருக்கிற பொண்ணு, ஈறு இப்படித் தொங்குதே" என்று வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தும் பெற்றோர் உண்டு. அப்படி நிறுத்தினால் வலிப்பு ஓயாமல் அடுத்தடுத்து வந்து உயிரையே எடுத்துவிடலாம். ஈறைச் சரி செய்ய வழி இருக்கிறது. போன உயிரைக் கொண்டு வர வழி இல்லை.

வெள்ளைப் படலம்: ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்களுக்கும், நீண்ட நாள் ஆன்டிபயாடிக் சாப்பிடுபவர்களுக்கும், நாக்கிலும் அண்ணத்திலும் தயிர்த்திட்டு போல் வெள்ளைப் படலம் வரலாம். இது கேண்டிடா என்ற பூஞ்சை. உறிஞ்சி முடித்த ஒவ்வொரு தடவையும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். குழாய் போன்ற ஸ்பேசர் வைத்து உறிஞ்சினால் வாயில் படிவது குறையும். மருந்தை நிறுத்த வேண்டியதில்லை.

வாய் உலர்தல்: தூக்கத்துக்கும் மன நோய்க்கும் கொடுக்கும் சில மாத்திரைகள், சளி அரிப்பு மாத்திரைகள் எச்சிலைக் குறைத்துவிடும். எச்சில் இல்லாத வாயில் எரிச்சலும் பல் சொத்தையும் சீக்கிரம் வரும். அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். சர்க்கரை மிட்டாய் சப்ப வேண்டாம்.

ஆறாத ஆழப் புண்: நெஞ்சு வலிக்குக் கொடுக்கும் நிக்கோராண்டில் சிலருக்கு நாக்கிலும் கன்னத்திலும் பெரிய, ஆழமான, வலிக்கிற புண்ணை உண்டாக்கும். எத்தனை களிம்பு தடவினாலும் ஆறாது. டாக்டர் மருந்தை மாற்றினால் சில வாரங்களில் ஆறும். இதயத்துக்கான மாத்திரை என்பதால் நீங்களாக நிறுத்தக் கூடாது.

வெள்ளைக் கோடுகள்: வலி மாத்திரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை, சர்க்கரை மாத்திரை, மலேரியா மருந்து ஆகியவற்றில் சில, கன்னத்தின் உட்புறத்தில் வலை பின்னினாற்போல் வெள்ளைக் கோடுகளையும் எரிச்சலையும் உண்டாக்கலாம். மருந்து தொடங்கிப் பல மாதங்கள் கழித்தும் இது வரும். ஆகவே "இந்த மாத்திரை ஒரு வருஷமா சாப்பிடறேனே" என்று தள்ளிவிடக் கூடாது.

இந்த இரண்டு மருந்துகளில் மிகுந்த கவனம்

மூட்டு வாதத்துக்கும், சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்கும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல மருந்து. ஆனால் இந்த நோய்களுக்கு இதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான் சாப்பிட வேண்டும். கூடவே போலிக் அமில மாத்திரை ஒன்றும் கொடுப்பார்கள். இரண்டும் சிறிய மாத்திரைகள். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கலாம். எழுத்துத் தெரியாத பாட்டி, கண் மங்கிய தாத்தா, இரண்டையும் மாற்றி, மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? சில நாட்களில் வாய் முழுவதும் புண். அது வெறும் வாய்ப்புண் அல்ல. உள்ளே எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவது நின்றுபோகிறது என்பதற்கு முதல் எச்சரிக்கை. அப்போதும் "சூடு" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு வேளையும் இனிப் போடாமல், மாத்திரை அட்டையுடன் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதைத் தடுப்பது எளிது. இந்த மாத்திரைக்கு வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். "திங்கள்" என்று அட்டையின் மேல் பெரிதாக எழுதுங்கள். மற்ற மாத்திரைகளோடு கலக்காமல் தனி டப்பாவில் வையுங்கள். படிக்கத் தெரிந்த ஒருவர், அது பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்காமல் பெரியவராக இருக்கட்டும், எடுத்துக் கொடுக்கட்டும்.

இரண்டாவது, தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்குக் கொடுக்கும் கார்பிமசோல். இதைச் சாப்பிடுபவர்களுக்குத் தொண்டை வலி, காய்ச்சல், வாய்ப்புண் இவை சேர்ந்து வந்தால், சாதாரணச் சளி என்று விடக் கூடாது. வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கலாம். அடுத்த மாத்திரையைப் போடாமல், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சோதித்துக்கொள்ள வேண்டும்.

எப்போது ஓட வேண்டும்?

1922-இல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரு மருத்துவர்கள், காய்ச்சலுடன் வாய் வெந்து, கண் சிவந்து, உடம்பெல்லாம் தடிப்பு வந்த இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். அந்த நோய்க்கு அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. பெரியவர்களுக்கு வரும்போது பெரும்பாலும் ஏதாவது ஒரு மருந்துதான் அதற்குக் காரணம். வலிப்பு மருந்துகளான கார்பமஸபின், பெனிடாயின், பெனோபார்பிடோன், லாமோட்ரிஜின், யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோபியூரினால், கோ-ட்ரைமாக்ஸசோல் போன்ற சல்பா மருந்துகள், சில வலி மாத்திரைகள் இவை முக்கியமானவை. ஆயிரக்கணக்கானவர்கள் சாப்பிடுவதில் யாரோ ஒருவருக்குத்தான் வரும். ஆனால் வந்தால் தாமதிக்க நேரமில்லை.

பெரும்பாலும் புது மருந்து தொடங்கிய நாலாவது நாள் முதல் நாலு வாரத்துக்குள் இது வரும். சில சமயம் எட்டு வாரம் வரை ஆகலாம். முதலில் காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல். பிறகு உதடு வெந்து ரத்தம் கட்டிக் காய்ந்து நிற்கும், வாய் திறக்க முடியாது, தோலில் கருஞ்சிவப்புப் புள்ளிகள், கொப்புளங்கள், தோல் உரியும், சிறுநீர் போகும்போது எரியும். "அம்மை போட்டிருக்கு" என்று வேப்பிலை கட்டிப் படுக்க வைத்து, அந்த மாத்திரையையும் தொடர்ந்து கொடுத்தால் நிலைமை மிகவும் மோசமாகும். கண் பார்வையும் போகலாம், உயிரும் போகலாம். தெய்வத்தை மனத்தில் கும்பிடுங்கள். ஆளை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். புதிதாகத் தொடங்கிய அந்த மருந்தின் அடுத்த வேளையைக் கொடுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வலிப்பு மருந்தாக இருந்தால் அதற்குப் பதில் என்ன கொடுப்பது என்பதை அங்கே டாக்டர் முடிவு செய்வார். பிழைத்தெழுந்தவர், அந்த மருந்தை வாழ்நாளில் மறுபடி தொடக் கூடாது.

அதே போல எனலாபிரில், ராமிபிரில் போன்ற ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் திடீரென்று உதடோ, நாக்கோ, முகமோ வீங்கினால் அதுவும் அவசரம். மூச்சுக் குழல் அடைபடலாம். மாத்திரை தொடங்கி வருடம் கழிந்தும் இது வரலாம். அடுத்த வேளை போடாதீர்கள். காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பல்லில் வைக்கும் பொருள்கள்

இனி பல் வைத்தியத்துக்கு வருவோம். மருந்தால் வரும் புண் வாயில் பல இடங்களில் இருக்கலாம். பல் பொருளால் வரும் புண் பெரும்பாலும் அந்தப் பொருள் உரசுகிற இடத்திலேயே இருக்கும். இதுதான் கண்டுபிடிக்கும் வழி.

சொத்தைப் பல்லை அடைக்கும் வெள்ளி நிற அடைப்பில் எடையில் சுமார் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. இந்த அடைப்பு பலருக்குப் பல வருடம் ஒரு தொந்தரவும் இல்லாமல் உழைக்கும். சிலருக்கு மட்டும், அடைப்பு உரசுகிற கன்னத்திலோ நாக்கின் ஓரத்திலோ வெள்ளைக் கோடுகளும் சிவப்பும் எரிச்சலும் வரும். அந்த அடைப்பை எடுத்து வேறு பொருளால் அடைத்தால் பெரும்பாலோருக்குக் குணம் தெரியும். அதற்காக எரிச்சல் ஒன்றும் இல்லாதவர்கள், "பாதரசம் விஷமாச்சே" என்று நல்ல அடைப்புகளை எல்லாம் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. பாதரசம் மண்ணிலும் நீரிலும் சேர்வதைக் குறைக்க 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை ஏற்பட்டது; 2018-இல் இந்தியாவும் அதை உறுதி செய்தது. பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும், பல் டாக்டர் அவசியம் என்று கருதினாலன்றி இந்த அடைப்பைத் தவிர்ப்பது என்று 2022-இல் உடன்படிக்கை நாடுகள் முடிவு செய்தன. ஆகவே பல் அடைக்கப் போகும் கர்ப்பிணிகள், தாங்கள் கர்ப்பமாக இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

விலை குறைந்த உலோகப் பல் உறைகள் பலவற்றில் நிக்கல் கலந்திருக்கும். மலிவான கம்மல் போட்டால் காது அரிக்கிறது, கைக்கடிகாரப் பட்டை பட்ட இடம் தடிக்கிறது என்பவர்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். உறை போடும் முன்பே இதைப் பல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கழற்றி மாட்டும் பல் செட் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. பொடியும் திரவமும் கலந்து செய்வது. சரியான முறையில் சூடாக்கிப் பதப்படுத்தினால் அந்தத் திரவம் மிகக் குறைவாகவே மிஞ்சும். ஆனால் பஸ் ஸ்டாண்டு ஓரத்திலும் சந்தையிலும் "ஒரே உக்காரல்ல பல் கட்டித் தரேன்" என்பவர்கள், அந்தக் கலவையை ஈறின் மேலேயே அப்பி, பக்கத்துப் பல்லில் கம்பி சுற்றி இறுக்கிவிடுகிறார்கள். ஈறு வேகும், கழற்றிக் கழுவ வழி இல்லாததால் சீழ் பிடிக்கும், கடைசியில் கம்பி சுற்றிய நல்ல பற்களும் ஆடிவிடும். ஒரு பல்லுக்காக மூன்று பல்லை இழக்கலாமா?

பல் செட்டுக்கு அடியில் அண்ணம் சிவந்திருந்தால் எல்லாமே ஒவ்வாமை அல்ல. இரவும் பகலும் கழற்றாமல் போட்டிருப்பதால் பூஞ்சை பிடித்ததுதான் பெரும்பாலும் காரணம். இரவில் கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள். செட்டின் ஓரமோ, உடைந்த அடைப்போ, கூரான பல்லோ உரசிப் புண்ணானால் நீங்களே அரம் வைத்துத் தேய்க்காதீர்கள். பல் டாக்டர் சரி செய்து கொடுப்பார்.

பற்பசையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதிகம் நுரைக்கும் பசையால் சிலருக்கு உள்தோல் மெல்லிய சவ்வாக உரியும். லவங்கப்பட்டை மணம் சேர்த்தவை சிலருக்கு எரிச்சல் தரும். பசையை மாற்றி இரண்டு வாரம் பாருங்கள். புகையிலை கலந்த பற்பொடியும் பற்பசையும் 1992-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. புகையிலைத் தூளால் பல் தேய்க்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் அதை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

இரண்டு வாரக் கணக்கு

இத்தனையும் சொன்ன பிறகு, இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். "மாத்திரையாலதான் வந்திருக்கும்" என்று நீங்களே முடிவு கட்டிச் சும்மா இருப்பதும் ஆபத்து. புகையிலை, வெற்றிலை பாக்கு, பான் மசாலா போடும் நாடு இது. பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூலில் அறிவித்திருக்கிறது. புற்றுநோய்ப் புண் ஆரம்பத்தில் வலிக்காது. வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவதால்தான் முற்றிப்போய் வருகிறார்கள்.

ஆகவே கணக்கு இதுதான்: எந்தக் காரணத்தால் வந்த புண்ணாக இருந்தாலும் சரி, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, கெட்டியான கட்டி, வாய் சரியாகத் திறக்க முடியாமை இவற்றுக்கும் இதே கணக்குத்தான். தேவையானால் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம். சதை எடுத்துச் சோதித்தால் நோய் பரவும் என்பது வெறும் வதந்தி.

டாக்டரிடம் என்ன கொண்டு போக வேண்டும்?

பல வீடுகளில் மருந்துச் சீட்டைத் தொலைத்துவிட்டு, "வெள்ளையா, வட்டமா ஒரு மாத்திரை டாக்டர்" என்கிறார்கள். வெள்ளையாக, வட்டமாக ஆயிரம் மாத்திரை இருக்கிறதே! ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். அதில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, பல் வைத்தியம் ஏதாவது செய்திருந்தால் அதன் தேதி. புண் வந்தால் அது வந்த தேதியையும் எழுதுங்கள். நாட்டு மருந்து, லேகியம், கடையில் வாங்கிய வலி மாத்திரை எல்லாமே மருந்துதான், அதையும் எழுதுங்கள். இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே டாக்டருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். ஒரு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொன்னால், அதைச் சிவப்பு மையில் எழுதி, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.

மருந்தின் தீய விளைவுகளைப் பதிவு செய்ய 2010-இல் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணில் பொதுமக்களும் சொல்லலாம். நீங்கள் சொல்வது வேறொரு வீட்டாரையும் காப்பாற்றும்.

நினைவில் வைக்க

1. வாய்ப்புண் வந்தால், "புதுசா என்ன மருந்து? பல்லுக்கு என்ன செய்தோம்?" என்று முதலில் கேளுங்கள்.

2. வலிப்பு, இதயம், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மருந்துகளை வாய்ப்புண் என்ற ஒன்றுக்காக நீங்களே நிறுத்தாதீர்கள். மருந்தை மாற்றுவது டாக்டர் வேலை. தகவல் சொல்வது உங்கள் வேலை.

3. புண்ணுடன் காய்ச்சல், கண் சிவப்பு, தோலில் கொப்புளம், அல்லது உதடு நாக்கு வீக்கம் இருந்தால் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

4. வாரம் ஒரு நாள் மாத்திரை, வாரம் ஒரு நாள்தான்.

5. மாத்திரையைப் பல்லில் வைக்காதீர்கள், கன்னத்தில் அடக்காதீர்கள், தண்ணீருடன் விழுங்குங்கள்.

6. ஆறும் வரை காரமும் சூடும் வேண்டாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். இட்லி, இடியாப்பம், மோர்சாதம் போன்ற மென்மையான உணவு கொடுங்கள்.

7. இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை டாக்டரிடம் காட்டுங்கள்.

இதில் எதற்கும் பெரிய செலவில்லை. உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் வீட்டு மாத்திரை டப்பாவை ஒரு முறை கீழே கொட்டி, எது யாருக்கு, எது எப்போது என்று பார்த்து எழுதி வையுங்கள். பெரியவர்களை உட்கார வைத்து, வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லி ஒரு முறை பாருங்கள். ஐந்து நிமிட வேலை.